மூலம் என்றுதான் நினைத்தோம், டாக்டர்!

இரண்டு இதழ்களுக்கு முன் ஈரல் சுருக்கம் பற்றி எழுதினேன் அல்லவா, அதில் உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி வருவதை மட்டும் சொல்லிவிட்டு முடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. வந்திருக்கும் கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலும் "எங்க வீட்டில் ரத்தம் அங்கிருந்து வரலையே" என்கிற ரகமாக இருக்கிறது. ஆசனவாயில் ரத்தம், ஆபரேஷனுக்குப் பின் வயிற்றில் மலப் பை வைத்த இடத்தில் ரத்தம், ரத்தமே கண்ணில் படாமல் இறங்கிக்கொண்டே போகும் ஹீமோகுளோபின். அதனால் இந்த இதழ் முழுக்க அவைதான். பெயர்களை எடுத்துவிட்டேன், கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

என் கணவருக்கு 52 வயது. மூன்று வருடமாக ஈரல் சுருக்கம். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மலம் போகும்போது சிவப்பாக ரத்தம் சொட்டியது. மூலம் என்று நினைத்து, எங்கள் ஊரில் அதற்கு வைத்தியம் பார்ப்பவரிடம் போனோம். 'சின்ன ஆபரேஷன்தான், அரை மணி நேரம்' என்று தேதியும் கொடுத்துவிட்டார். தற்செயலாக என் தம்பி பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வேறொரு டாக்டரிடம் காட்ட, 'கத்தி வைக்க விடாதீங்க, முதல்ல ஸ்கோப் பாருங்க' என்று தடுத்துவிட்டார். பார்த்ததில் மூலம் இல்லையாம், மலக்குடலில் வேரிசஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? – வாசகி, திண்டுக்கல்

முதலில் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு ஒரு நல்ல சாப்பாடு போடுங்கள் அம்மா. அப்புறம் விஷயத்துக்கு வருவோம்.

வயிறு, குடல், மண்ணீரல் இங்கிருந்தெல்லாம் திரும்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாயில் சேர்ந்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கணக்கில் ஈரலுக்குள் போய், அங்கே சலித்து எடுக்கப்பட்ட பிறகுதான் மேலே ஏறுகிறது. (நம்மூரில் சிரை, தமனி, நரம்பு எல்லாமே 'நரம்பு'தான். ஓபியில் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன், திருத்திக்கொண்டிருக்க நேரம் இருப்பதில்லை.) நல்ல ஈரல் பஞ்சு மாதிரி ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். தழும்பேறிச் சுருங்கிய ஈரல் வாங்காது. ரத்தம் பின்னால் தேங்கும், அழுத்தம் ஏறும். ஈரலுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டியது. 10 ஆனால் சிரைகள் புடைக்கத் தொடங்கும், 12 ஆனால் அவை வெடிக்கிற ஆபத்து வந்துவிடும்.

அடைமழையில் மதகு அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணீர் கரையில் எங்கே பலவீனமோ அங்கே வழி பார்க்கும் இல்லையா, தேங்கிய ரத்தமும் அதைத்தான் செய்கிறது. போர்ட்டல் குழாய்களும் உடம்பின் மற்ற சிரைகளும் சந்திக்கிற சில இடங்கள் பிறவியிலேயே உண்டு. உணவுக்குழாயின் அடிப்பகுதி ஒன்று, தொப்புளைச் சுற்றி ஒன்று, மலக்குடல் இன்னொன்று. மலக்குடலின் மேல்பகுதி ரத்தம் போர்ட்டல் பக்கம் போகிறது, கீழ்ப்பகுதி ரத்தம் இடுப்புச் சிரைகள் வழியாகப் போகிறது. மேலே போக வழியில்லாத ரத்தம் இங்கே கீழே திரும்புவதால் மலக்குடல் சுவரில் நீலம் பாரித்த தடித்த குழாய்கள் எழும்புகின்றன. இப்படிப் புடைத்த சிரைகளுக்குத்தான் வேரிசஸ் என்று பெயர், அதுதான் உங்கள் கணவருக்கு இருப்பது.

மூலம் என்பது வேறு. ஆசனவாயில் எல்லோருக்குமே சின்னச் சின்ன ரத்தக்குழாய் மெத்தைகள் இருக்கும், முக்கி முக்கி மலம் போவதில் அவை வீங்கிக் கீழே இறங்கினால் மூலம். அதற்கு ஈரல் அழுத்தம் காரணம் இல்லை. ஈரல் கெட்டவர்களுக்கு மூலம் அதிகமாக வரும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அப்படி இல்லை. மலக்குடல் வேரிசஸ் ஆசனவாயிலிருந்து மேல்நோக்கி மலக்குடலுக்குள் ஏறிப் போகும். விரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்தவுடன் மறுபடி நிரம்பும். ஈரல் சுருக்கம் உள்ளவர்களில் நிறைய பேருக்கு ஸ்கோப்பில் இது தெரிகிறது, ஆனால் அவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் ரத்தம் வரும். வந்தால் சில நேரம் சொட்டு, சில நேரம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூல ஆபரேஷன் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, துணி வைத்து அடைத்து அனுப்பியிருந்தார்கள். 'உங்களுக்கு ஈரல் நோய் இருக்கிறதா' என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னால் இருக்கிறதுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்திருக்கிறார், அது நியாயம்தான். பிழைத்தார், ஆனால் அந்த ராத்திரி எனக்கு மறக்கவில்லை.

உங்கள் கணவருக்கு ஸ்கோப் வழியாகவே ரப்பர் பேண்ட் போடலாம், அல்லது பசை ஊசி போடலாம், திரும்பத் திரும்ப வந்தால் அழுத்தத்தையே குறைக்கிற வேறு வழிகள் இருக்கின்றன. கீழே சேலம் மாணவிக்கு எழுதிய பதிலில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெருங்குடலை முழுக்கப் பார்த்தார்களா, அல்லது மலக்குடலோடு நிறுத்திக்கொண்டார்களா? 52 வயதில் மலத்தில் ரத்தம் என்றால் புற்றுநோய் இல்லை என்பதையும் கையோடு உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று, ஈரல் சுருக்கம் இருப்பவருக்குச் சாதாரண மூலமும் வரத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பிரித்துச் சொல்வது ஸ்கோப் செய்கிறவரின் வேலை, ஊரில் வைத்தியம் செய்கிறவரின் ஊகம் போதாது. குடியை விட்டு இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் நான் கைகொடுத்ததாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. ஒரு சொட்டு குடித்ததில்லை. சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் இருந்து, ஈரல் சுருக்கம் ஆகிவிட்டது. ரத்த வாந்தி இல்லை, மலத்திலும் ரத்தம் பார்த்ததில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 6-க்கு இறங்குகிறது, ரத்தம் ஏற்றுகிறோம், இரண்டு மாதத்தில் மறுபடி 6. இப்போது எண்டோஸ்கோபியில் 'வாட்டர்மெலன் ஸ்டமக்' என்று எழுதியிருக்கிறார்கள். தர்பூசணியா? எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. – வாசகர், தூத்துக்குடி

சிரிக்கலாம், தப்பில்லை. ஆர்வத்தில் யாரோ வைத்த பெயர் இல்லை தம்பி, உண்மையிலேயே பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இரைப்பையின் கடைசிப் பகுதியில், குடலுக்குள் இறங்கும் வாசலிலிருந்து சிவப்பு சிவப்பாகக் கோடுகள் விரிந்து வரும், தர்பூசணித் தோலின் வரிகளைப் போல. 1984-ல் கனடா மருத்துவர்கள் சிலர் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கோடுகள் எல்லாம் மேல்தோலுக்கு அடியில் விரிந்துபோன நுண்ணிய ரத்தக்குழாய்கள். அவற்றிலிருந்து ரத்தம் வெடித்து வராது, நாள் பூராவும் கசியும். வாஷர் தேய்ந்த குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: சத்தமே இருக்காது, காலையில் பார்த்தால் கீழே வைத்த வாளி நிறைந்திருக்கும். மலம் கறுப்பாக மாறவே 50 முதல் 100 மில்லி ரத்தம் ஒரே நாளில் இறங்க வேண்டும். அதற்குக் குறைவாக தினமும் போனால் நீங்கள் எதையும் பார்க்க மாட்டீர்கள், ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிடும்.

இந்தத் தர்பூசணி வயிறு ஈரல் நோயாளிகளுக்கு மட்டும் உரியது இல்லை. தோல் இறுகும் நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், வயதான பெண்கள் இவர்களிடமும் உண்டு. இது இருப்பவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் ஈரல் சுருக்கக்காரர்கள். ஈரல் சுருக்கத்தில் கோடாக இல்லாமல் சிவப்புப் புள்ளிகளாகச் சிதறி இருப்பதும் உண்டு, அப்போது பார்க்கிறவருக்கே குழப்பம் வரும், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

ஏன் குழப்பம் என்றால், இதே மாதிரி கசிகிற இன்னொன்று இருக்கிறது. அழுத்தம் ஏறியதால் இரைப்பையின் மேல்பகுதியும் நடுப்பகுதியும் வீங்கி, பாம்புச் சட்டை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். அது அழுத்தத்தால் வருவது, எனவே அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரைகளும் இரும்புச்சத்தும் கொடுத்தால் அடங்கும். தர்பூசணி அப்படி அடங்காது. இந்த மாத்திரைகளைக் கொடுத்தாலும் கசியும், டிப்ஸ் என்ற பெரிய சிகிச்சையே (கீழே சேலம் பதிலில் விளக்கியிருக்கிறேன்) செய்து அழுத்தத்தை இறக்கினாலும் கசியும். அந்தக் கோடுகளை நேரடியாகச் சுட வேண்டும்: ஸ்கோப் வழியாக ஆர்கான் வாயுவை விட்டு மின்பொறியால் மேலாகக் கருக்குகிறார்கள், அல்லது அங்கேயும் ரப்பர் பேண்ட் போடுகிறார்கள். ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை, சில வார இடைவெளியில் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அம்மா உணவுக்குழாய் புடைப்புக்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாதீர்கள், அது வேறு வேலைக்கு.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், உடனே பயந்துவிடாதீர்கள். இரும்பினால் கறுத்த மலம் கரும்பச்சை சாயலில் சாதாரணமாக இருக்கும். ரத்தம் இறங்கிய மலம் தார் போலப் பளபளவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் போகாது, நாற்றம் வேறு மாதிரி, ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சந்தேகமே வேண்டாம் என்றால் இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அது மலத்தைக் கறுக்காது, ஆகவே கறுத்தால் அது ரத்தம்தான் என்று தெரிந்துவிடும்.

'குடிக்கவே இல்லையே' என்று நீங்கள் எழுதியதில் ஒரு வருத்தம் தெரிகிறது. சொந்தக்காரர்கள் ஏதாவது பேசியிருப்பார்கள். சர்க்கரையும் தொப்பையும் மட்டுமே போதும், ஈரல் சுருங்க.

அண்ணனுக்கு உணவுக்குழாயில் பேண்ட் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது நாள் ரத்த வாந்தி. பேண்டை ஒழுங்காகப் போடவில்லையா? கேஸ் போடலாமா? – வாசகர், விழுப்புரம்

கொஞ்சம் பொறுங்கள். பேண்ட் போடுவது என்றால், புடைத்த குழாயை உறிஞ்சி இழுத்து அதன் கழுத்தில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவது. வளையத்துக்குள் இருக்கும் சதை செத்து சில நாளில் உதிர்ந்துவிடும், உதிர்ந்த இடத்தில் ஒரு புண் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் புண் தானாக ஆறும். நூற்றில் சில பேருக்கு, ஆறுவதற்கு முன், ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், அதிலிருந்தே ரத்தம் வரும். ஈரல் ரொம்ப மோசமாக இருந்தால், அல்லது ஏற்கெனவே ரத்தம் கொட்டும்போது அவசரத்தில் பேண்ட் போட்டிருந்தால், இந்த ஆபத்து கூடுதல். ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் வரும்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: இதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருக்க வேண்டும். "இரண்டு வாரம் வெளியூர் போகாதீங்க, குழைந்த சாதம், இட்லி, கஞ்சி போதும், முறுக்கு, எலும்பு, முள் வேண்டாம், புண் ஆற்றும் மாத்திரையை விடாதீங்க, ரத்தம் வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று ஐந்து வரி. பாதி இடங்களில் அந்த ஐந்து வரியை யாரும் சொல்வதில்லை.

அப்பாவுக்கு இரண்டு வருடம் முன் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன், வயிற்றில் நிரந்தரப் பை. புற்றுநோய் திரும்பவில்லை என்கிறார்கள். ஆனால் ஹெபடைட்டிஸ் பி வைரஸால் ஈரல் சுருக்கமும் உண்டு. இப்போது பையில் அடிக்கடி ரத்தம் நிறைகிறது. பை உரசுகிறது என்று பையை மாற்றிப் பார்த்தோம், கிரீம் போட்டோம், நிற்கவில்லை. – வாசகி, கோயம்புத்தூர்

பை உரசியும் ரத்தம் வரும், ஆனால் அது துணியில் திட்டாகப் படுகிற அளவு. பை நிறைகிறது என்றால் வேறு யோசிக்க வேண்டும். குடலை வெளியே கொண்டுவந்து தோலோடு தைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் போர்ட்டல் பக்கத்துக் குழாய்களும் வயிற்றுத் தோலின் குழாய்களும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. உடம்பு தானாகச் செய்யாத ஒரு சந்திப்பை ஆபரேஷன் செய்து கொடுத்துவிட்டது. ஈரல் அழுத்தம் ஏறியதும் ரத்தம் அங்கேயும் வழி கண்டுபிடிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் பையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: குடல் வாயைச் சுற்றி ஒரு நீல ஊதா வளையம், மெல்லிய குழாய்கள் கம்பளிப்பூச்சிக் கால்கள் போலத் தோலில் பரவுவது தெரிந்தால் அநேகமாக அதுதான்.

இதில் ஒரு நல்ல விஷயம், ரத்தம் வரும் இடம் கைக்கு எட்டுகிறது. உள்ளே இருக்கும் புடைப்புகளில் அந்த வசதி கிடையாது. ரத்தம் வந்தால் அப்பாவைப் படுக்க வைத்து, பையைக் கழற்றி, சுத்தமான துணியை நாலாக மடித்து ரத்தம் வரும் புள்ளியில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். எட்டிப் பார்க்க எடுத்து எடுத்து வைக்காமல் பத்து நிமிடம் முழுதாக. பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம். அங்கே தையல் போட்டால் நிற்கும், ஆனால் சில வாரத்தில் திரும்ப வருவது வழக்கம். நிரந்தரமாக வேண்டுமென்றால் அந்தக் குழாயை உள்ளிருந்து அடைக்க வேண்டும், அல்லது ஈரல் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பை பார்க்கும் நர்ஸ், புற்றுநோய் டாக்டர், ஈரல் டாக்டர் மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்று ஃபைலையும் ஒரே பையில் போட்டு ஈரல் டாக்டரிடம் கொண்டுபோய் வையுங்கள். பி வைரஸ் மாத்திரையை அப்பா விடாமல் சாப்பிடுகிறாரா? நீங்களும் உடன்பிறந்தவர்களும் பி வைரஸ் பரிசோதனை செய்துகொண்டீர்களா?

நான் நர்சிங் இறுதியாண்டு மாணவி. வார்டில் ஈரல் சுருக்க நோயாளி ஒருவருக்கு மலம் கறுப்பாகப் போனது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் வேரிசஸ் இருந்தது, ஆனால் ரத்தம் வந்த அடையாளமே இல்லை. மூன்றாவது நாள் சிடி எடுத்து, முன்சிறுகுடலில் வேரிசஸ் என்று கண்டுபிடித்தார்கள். புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. கொஞ்சம் விளக்குவீர்களா? – மாணவி, சேலம்

நல்ல கேள்வி, இதற்காகவே ஒரு வார்டு ரவுண்ட்ஸ் போகலாம். அந்த ஒரு வரிக்குக் காரணம், இது அபூர்வம். வேரிசஸ் ரத்தக்கசிவுகள் நூறை எடுத்தால் வழக்கமான இடங்களான உணவுக்குழாயையும் இரைப்பையையும் விட்டு வெளியே வருவது ஒன்று முதல் ஐந்துதான். முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், பை வைத்த வாய், பித்தக்குழாய் என்று அந்தச் சிலதும் சிதறிக் கிடக்கும்.

நீங்கள் சொன்ன நோயாளியின் ஸ்கோப்பில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஈரல் சுருக்கத்தில் ஸ்கோப் போட்டால் உணவுக்குழாயில் ஏதோ புடைப்பு தெரியத்தான் செய்யும். 'இதோ வேரிசஸ், இதுதான்' என்று பேண்ட் போட்டுவிட்டு வெளியே வருவது எளிது. புடைப்பு இருப்பது வேறு, அதிலிருந்துதான் ரத்தம் வந்தது என்பது வேறு. அதன்மேல் ரத்தம் பீறிடுவதோ, வெடித்த இடத்தை அடைத்த வெள்ளைத் தக்கையோ தெரிகிறதா, வயிற்றில் ரத்தம் கிடக்க வேறு காரணம் இல்லையா என்று பார்க்க வேண்டும். அந்த டாக்டர் பார்த்திருக்கிறார், திருப்தியாகவில்லை, தேடியிருக்கிறார். அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆனதா என்று கேஸ் ஷீட்டில் தேடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டுகள் வழியாகவும் புதுக் குழாய்கள் முளைக்கும். ஈரல் அழுத்தம், பழைய ஆபரேஷன் தழும்பு, வாந்தியில் ரத்தமே இல்லாமல் மலத்தில் மட்டும் ரத்தம், இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுகுடல் வேரிசஸை நினைக்க வேண்டும். போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டி இருந்தாலும் இப்படி வழிமாறும். சிடி எடுக்கும்போது தமனிக் கட்டத்தோடு நிறுத்தாமல் சிரைக் கட்டமும் எடுக்க வேண்டும், ஏனென்றால் நாம் தேடுவது சிரையை. அதிலும் தெரியாவிட்டால் கேப்ஸ்யூல் கேமராவை விழுங்கச் சொல்வது, நீள ஸ்கோப்பை விடுவது என்று போகும். வலியோடு மஞ்சள் காமாலையும் ரத்தமும் ஒன்றாக வந்தால் பித்தக்குழாய்க்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்த பிறகு, அல்லது கட்டிக்கு ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்திய பிறகு அது வரலாம்.

வேரிசஸ் இல்லாத காரணங்களும் மறக்க வேண்டாம். ஈரல் சுருக்கக்காரருக்கும் சாதாரண அல்சர் உண்டு. இரைப்பைச் சுவரில் பெரிதாகவே தங்கிவிட்ட ஒரு தமனி, புண்ணே இல்லாமல், குண்டூசி முனை அளவு துளையில் பீறிடுவதும் உண்டு. அதற்கு டியூலஃபாய் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர், அவர் 1898-ல் விவரித்தார். ரத்தம் நின்ற பிறகு பார்த்தால் அந்த இடமே தெரியாது என்பதுதான் அதில் எரிச்சல்.

சிகிச்சைக்கு வருவோம். முன்சிறுகுடலில் பேண்ட் போடப் பயப்படுவார்கள்: சுவர் மெல்லியது, குழாய் பெரியது, முழுசாக வளையத்துக்குள் வராமல் பாதி மாட்டினால் வம்பு. அதனால் பசை ஊசி. சயனோஅக்ரிலேட் என்று பெயர், பெட்டிக்கடையில் தொங்கும் ஃபெவிக்விக் குடும்பத்துச் சரக்குதான், ஆனால் உடம்புக்கென்று செய்த வேறு வகை. ரத்தத்தில் பட்ட நொடியில் கல்லாகி அடைத்துவிடும். இரைப்பை வேரிசஸுக்கு இதைப் போடலாம் என்று 1986-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் சோஹேந்த்ராவின் குழு காட்டியது. இரைப்பை வேரிசஸ் என்றதும் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும்: டெல்லியில் ஷிவ் குமார் சரின், 568 நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து, அவர்களில் 20 சதவீதம் பேருக்கு இரைப்பையில் புடைப்பு இருப்பதைக் கண்டு, அதை நான்கு வகையாகப் பிரித்து 1992-ல் எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஸ்கோப் ரிப்போர்ட்டில் அந்த வகைப்பாட்டைத்தான் எழுதுகிறார்கள்.

பசைக்கும் நிற்காவிட்டால் டிப்ஸ். ஹோட்டலில் சர்வருக்கு வைப்பது இல்லை. கழுத்துச் சிரை வழியாக ஈரலுக்குள் இறங்கி, தேங்கிய போர்ட்டல் பக்கத்துக்கும் இதயத்துக்குப் போகிற சிரைக்கும் நடுவே ஒரு குழாயை வைத்துவிடுவது, அதாவது மதகு திறக்காத ஏரிக்கு நாமே ஒரு கால்வாய் வெட்டுவது. அழுத்தம் சரசரவென்று இறங்கும். ஆனால் சலிக்கப்படாத ரத்தம் நேரே மூளைக்குப் போவதால் சிலருக்குக் குழப்பம், உளறல் வரும், இதயம் பலவீனமானவர்களுக்குச் செய்யவும் முடியாது. எல்லாருக்கும் செய்துவிடுவோம் என்று சொல்ல முடியாத சிகிச்சை அது.

தாத்தாவுக்கு ரத்த வாந்தி, ஹீமோகுளோபின் 7.4. நாங்கள் நான்கு பேர் ரத்தம் கொடுக்கத் தயாராக நின்றோம். டாக்டர் 'இப்போ வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். மிச்சம் பிடிக்கிறார்களா? – வாசகர், நாகர்கோவில்

இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார். ஏரி உவமையையே எடுத்துக்கொள்ளுங்கள், கரை உடைந்து அடைத்திருக்கிறோம், இப்போது மேலும் தண்ணீரை விட்டால்? ரத்தத்தை அள்ளி ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி, நின்ற இடம் மறுபடி திறக்கும். பார்சிலோனாவில் 921 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 9-க்குக் கீழே இறங்கினாலே ரத்தம், இன்னொரு பகுதிக்கு 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: ஆறு வாரம் கழித்து, தாராளமாக ஏற்றியவர்களில் 91 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், 7-க்குக் கீழே போகும்வரை பொறுத்து ஏற்றிய பகுதியில் 95 சதவீதம் பேர். இதய நோய் இருந்தால், ரத்தம் நிற்காமல் கொட்டினால் கணக்கு மாறும். தாத்தாவுக்கு ரத்தத்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டவை அழுத்தம் குறைக்கும் மருந்து, 12 மணி நேரத்துக்குள் ஸ்கோப், அப்புறம் ஆன்டிபயாடிக். கடைசியது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ரத்தம் கசிந்த ஈரல் நோயாளிகளைக் கொல்வதில் கிருமித்தொற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் நான்கு பேரும் ரத்த வங்கியில் கொடுத்துவிட்டு வாருங்கள், யாருக்காவது ஆகும்.

ஈரல் சுருக்கம் உள்ளவர் மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடலாமா? – வாசகர், பெரம்பலூர்

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதுவும் கூடாது, வயிறும் போகும், கிட்னியும் போகும். பாராசிட்டமால் 500 மி.கி. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம், அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது, இரண்டு டாக்டரையும் பேச வையுங்கள். மூட்டுக்கு என்று யாரோ கொடுக்கும் பெயர் தெரியாத சூரணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்பா பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி முழுக்க எழுந்து உட்கார்ந்து எதையோ பேசுகிறார். ஈரல் சுருக்கம் உள்ளவர். சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று பார்த்தோம், இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 'உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது' என்றார்கள். மூளைக்கும் குடல் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு? – வாசகி, மன்னார்குடி

குடலில் இறங்கிய ரத்தமும் ஒரு புரதம்தான். கறி சாப்பிட்ட மாதிரி குடல் கிருமிகள் அதை உடைத்து அம்மோனியா தயாரிக்கும். நல்ல ஈரல் அதை வாங்கி மாற்றிவிடும். சுருங்கிய ஈரலால் முடியாது, புதுக் கால்வாய்கள் வழியாக அது ஈரலைச் சுற்றிக்கொண்டு மூளைக்குப் போய்விடும். ராத்திரி பகல் தலைகீழாவது அதன் முதல் அடையாளம். அப்புறம் கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது போல மணிக்கட்டு துடிக்கும், பேச்சு குழறும், கடைசியில் மயக்கம். மலச்சிக்கல், கிருமித்தொற்று, தூக்க மாத்திரை, உப்புச்சத்து குறைவது இவற்றாலும் இதே குழப்பம் வரும். ஆனால் ரத்தக்கசிவு அந்தப் பட்டியலில் முக்கியமானது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத ரகம். பல வீடுகளில் 'வயசாயிடுச்சு, பேச்சு தடுமாறுது' என்று இரண்டு நாள் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் லாக்டுலோஸ் சிரப்பை நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகலாகப் போக வேண்டும், அதுதான் அளவு. பாட்டிலில் எழுதிய மில்லிக்கணக்கை விட அதைப் பாருங்கள். ஒரு நோட்டு வாங்கி, அப்பாவைத் தினமும் காலையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் அதே கையெழுத்து. என்றைக்கு அது கோணலாகி வரி மாறுகிறதோ, அன்றைக்கு முதல் வேலையாக மலம் என்ன நிறம் என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் 108-க்குக் கூப்பிட்டுவிட்டு, அந்த நோட்டையும் ஸ்கோப் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கறுக்கவில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.